வரிக்குதிரையா, வரிக்கழுதையா? மன்னார் வீதிகளில் நிற்கும் ஒரு பழைய உறவு

ஆபிரிக்காவின் கிழக்குக் கரையில் சுவாகிலி மொழி பேசுகிற சனத்துக்கு வரிக்குதிரை ஒரு குதிரையே இல்லை. அவர்கள் அதற்கு வைத்திருக்கிற பெயரைத் தமிழில் சொன்னால் 'வரி போட்ட கழுதை' என்று வரும். அரபியில் அதற்குள்ள பெயர்களில் ஒன்று 'ஹிமார் வஹ்ஷீ'. ஹிமார் என்றால் கழுதை, வஹ்ஷீ என்றால் காட்டில் திரிகிறது. ஆக, காட்டுக்கழுதை. அந்த மிருகத்தோடு ஒரே மண்ணில் வாழ்ந்தவர்களும், அந்தக் கரைக்குக் கப்பலோட்டிப் போனவர்களும் அதைக் கழுதை என்றார்கள். பெரும்பாலும் படத்தில் மட்டும் பார்த்த நாங்கள் குதிரை என்றோம்.

யார் சொன்னது சரி? விஞ்ஞானம் சுவாகிலிக்காரர் பக்கம்தான் நிற்கிறது. குதிரை, கழுதை, வரிக்குதிரை மூன்றும் ஒரே குடும்பம். நாற்பது இலட்சம் வருசங்களுக்கு முன்னர் இருந்த ஒரு பொது மூதாதையிடமிருந்து குதிரையின் கிளை ஒரு பக்கமாகப் பிரிந்து போனது. கழுதைகளும் வரிக்குதிரைகளும் மற்றக் கிளையில் இன்னும் கனகாலம் சேர்ந்திருந்துதான் பிரிந்தன. உறவுமுறையில் சொன்னால் வரிக்குதிரைக்குக் கழுதை கூடப்பிறந்த பிறப்பு மாதிரி, குதிரை ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரி. ஒழுங்காகப் பெயர் வைப்பதென்றால் நாங்கள் 'வரிக்கழுதை' என்றுதான் சொல்லியிருக்க வேணும்.

இந்தப் பெயர்ப் பிரச்சினையை ஏன் மன்னாரில் வைத்துக் கதைக்கிறோம் என்று கேட்பீர்கள். காரணம் லேசானது. இலங்கையில் கழுதை பார்க்க வேணும் என்றால் மன்னாருக்குத்தான் வர வேணும். புத்தளம், கற்பிட்டிப் பக்கமும் இருக்கின்றன. ஆனால் பஸ் நிலையத்தடியிலும், கோட்டைப் பக்கத்திலும், கடை வாசலிலும் சனத்துக்குள் சனமாகக் கழுதை நிற்கிற ஊர் மன்னார். இங்கே ஒரு பாலர் பாடசாலைப் பிள்ளை 'இசட் ஃபோர் சீப்ரா' என்று படம் பார்த்துப் படிக்கிறது. அதே நேரம் படலைக்கு வெளியில் அந்த சீப்ராவின் நெருங்கின சொந்தம் ஒன்று குப்பைப் பையைக் கிளறிக்கொண்டு நிற்கிறது. படத்தில் இருக்கிறது அழகு, வெளியில் நிற்கிறது தொல்லை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

காலில் இருக்கிற கோடு

முதலில் ஒரு சின்ன வேலை. மன்னாரில் இருக்கிறவர்கள் ஒரு கழுதைக்குக் கிட்டப் போய் (பின்னங்காலுக்கு மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ) அதன் முதுகைப் பாருங்கள். பிடரியில் இருந்து வால் வரைக்கும் ஒரு கருங்கோடு ஓடும். தோளடியில் இன்னொரு கோடு அதைக் குறுக்கே வெட்டிக் கீழே இறங்கும். பிறகு காலைப் பாருங்கள். எல்லாக் கழுதைக்கும் இருக்காது. சிலதுக்கு முழங்காலை அண்டி மங்கலாக, அழிறப்பரால் அழித்த பென்சில் கோடு மாதிரி, குறுக்கு வரிகள் தெரியும்.

இந்தக் கோட்டைப் பார்த்து மண்டையை உடைத்தவர் சார்ள்ஸ் டார்வின். 1859 இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் அவர் கழுதைகளின் கால் வரிகளையும் தோள் கோடுகளையும் பற்றி விரிவாக எழுதினார். குதிரைக் குட்டிகளிலும் கோவேறு கழுதைகளிலும் இடைக்கிடை வரி தோன்றுவதை ஊர் ஊராக விசாரித்துச் சேர்த்தார். அவர் வந்த முடிவு இது: இந்தக் குடும்பம் முழுவதற்கும் பொதுவான மூதாதை ஒன்று இருந்திருக்க வேணும், அதன் உடம்பில் வரிக்குதிரைக்கு இருக்கிற மாதிரி வரிகள் இருந்திருக்க வேணும். கழுதையின் காலில் தெரிகிறது அந்தப் பழைய சட்டையின் மிச்சம்.

ஆபிரிக்காவில் இன்னும் உயிரோடு இருக்கிற சோமாலியக் காட்டுக்கழுதையைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். உடம்பு சாம்பல் நிறம். நாலு காலிலும் மட்டும் வரிக்குதிரையின் வரி அப்படியே இருக்கும். காற்சட்டை மாற்றி மேற்சட்டை மாற்ற மறந்துபோன ஆள் மாதிரி. எத்தியோப்பியா, எரித்திரியாப் பக்கத்தில் மிகக் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன.

வரிக்குதிரைக்கு வரி எதற்கு என்ற கேள்விக்கு நூறு வருசத்துக்கு மேலாகச் சண்டை நடந்தது. சிங்கத்தின் கண்ணை ஏமாற்ற என்றார்கள், வெக்கையைக் குறைக்க என்றார்கள், ஒன்றை ஒன்று அடையாளம் காண என்றார்கள். இப்போது பலமாக நிற்கிற விளக்கம் இலையான் பற்றியது. ரிம் காரோ என்ற ஆய்வாளரின் குழு 2019 இல் குதிரைகளுக்கு வரி போட்ட துணியைப் போர்த்திப் பார்த்தது. கடிக்கிற இலையான்கள் வரித் துணியில் இறங்கியது மிகக் குறைவு. கிட்ட வந்தாலும் இறங்கத் தெரியாமல் தடுமாறின. நோய் காவுகிற இலையான் நிறைந்த நிலத்தில் அந்தக் கறுப்பு வெள்ளை ஒரு நுளம்பு வலை மாதிரி வேலை செய்கிறது. வறண்ட நிலத்துக்குப் போன கழுதைக்கு அந்த வலை அவ்வளவு தேவைப்படவில்லை போல.

அடங்கினதும் அடங்காததும்

வரி மட்டும்தான் இரண்டுக்கும் வித்தியாசம் என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய வித்தியாசம் மனிதரோடு உள்ள உறவில் இருக்கிறது.

2022 இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு உலகத்தின் பல மூலைகளில் இருந்து கழுதைகளின் மாதிரிகளை எடுத்துப் பார்த்தது. ஏறத்தாழ 7000 வருசத்துக்கு முன்னர், கிழக்கு ஆபிரிக்காவில், ஒரே ஒரு தடவைதான் கழுதை வீட்டு மிருகமானது என்று அது சொல்லுகிறது. குதிரை மனிதரிடம் வந்தது அதற்கு எவ்வளவோ காலத்துக்குப் பிறகு. எகிப்தின் சுமை, மெசொப்பொத்தேமியாவின் வியாபாரம், பாலைவனப் பாதை எல்லாம் முதலில் கழுதையின் முதுகில்தான் நகர்ந்தன.

வரிக்குதிரையோ கடைசி வரைக்கும் சம்மதிக்கவில்லை. ஆபிரிக்காவைப் பிடித்த ஐரோப்பியர் அதைப் பழக்கி வண்டியில் பூட்டப் பார்த்தார்கள். வோல்ரர் ரொத்சைல்ட் என்ற பணக்காரர் லண்டன் தெருவில் வரிக்குதிரைகள் இழுத்த வண்டியில் போய்க் காட்டினார். ஆனால் அது வேடிக்கையோடு நின்றது. கடிக்கும், உதைக்கும், பிடிக்க வந்தால் தலையை விலத்தும். தலைமுறை தலைமுறையாக வளர்த்து வேலை வாங்க யாராலும் முடியவில்லை.

இந்து சமுத்திரம் ஒரு வரிக்குதிரையை எங்கள் பக்கமும் கொண்டு வந்தது. 1621 இல் அபிசீனியாவில் இருந்து வந்த ஒரு வரிக்குதிரை முகலாயச் சக்கரவர்த்தி ஜஹாங்கீரின் கைக்குக் கிடைத்தது. பார்த்தவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. யாரோ வர்ணம் பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு, சோதித்துப் பார்த்துத்தான் அது பிறவி நிறம் என்று ஒத்துக்கொண்டார்கள். ஜஹாங்கீர் தன் நாட்குறிப்பில் இதைப் பதிந்து வைத்தார். அவருடைய ஓவியர் மன்சூர் அதைப் படமாக வரைந்தார். அந்தப் படம் இண்டைக்கு லண்டனில் விக்ரோரியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரிக்குதிரையைப் பாரசீகத்தின் ஷா அப்பாஸுக்கு அன்பளிப்பாக அனுப்பினார்கள்.

கவனித்துப் பாருங்கள். ஒரே குடும்பத்து இரண்டு மிருகங்கள். ஒன்று ஒரு நாளும் எங்களுக்காக ஒரு மூட்டை சுமக்கவில்லை. அதற்குச் சக்கரவர்த்தியின் ஓவியரும், அரசர்களுக்கிடையில் அன்பளிப்பாகப் போகிற மரியாதையும் கிடைத்தன. மற்றது 7000 வருசமாகச் சுமந்தது. அதன் பெயரை எடுத்து நாங்கள் பிள்ளைகளை ஏசுகிறோம்.

பாட்டில் கழுதை, வசவில் கழுதை

தமிழில் கழுதைக்குப் பழைய இடம் உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் சுங்கம் வாங்குகிற பெருவழியில் மிளகுப் பொதி சுமந்து கூட்டமாகப் போகிற கழுதைகள் வருகின்றன. சுமந்து சுமந்து முதுகில் விழுந்த தழும்பையும் புலவர் விடாமல் சொல்லுகிறார். தென்னாட்டு மிளகு உரோமாபுரி வரைக்கும் போனது என்று பெருமையாகப் படிக்கிறோமே, அந்த மிளகுப் பயணத்தின் முதல் கட்டத்தில் இப்படிப்பட்ட முதுகுகள் இருந்தன.

கடற்கரைக்காரருக்கு இன்னும் கிட்டின பாட்டு அகநானூற்றில் 120 ஆவது. நக்கீரனார் பாடியது. நெய்தல் நிலத் தலைவன் வருகிற அத்திரியின் காலைக் கழியில் கிடந்த சுறா தாக்கிவிடுகிறது. அத்திரி என்றால் கோவேறு கழுதை, கழுதைக்கும் குதிரைக்கும் பிறந்தது. உப்புக்கழி, சுறா, சேறு, களைத்துப்போன ஒரு சுமை மிருகம். மன்னார்க் கடலைத் தெரிந்தவனுக்கு இந்தக் காட்சிக்கு உரையாசிரியர் தேவையில்லை.

ஆனால் அதே காலத்தில் இன்னொரு கழுதையும் இருந்தது. புறநானூற்றின் 15 ஆவது பாட்டில் பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி பகைவரின் தெருக்களைக் கழுதை பூட்டி உழுதான் என்று நெட்டிமையார் பாடுகிறார். ஔவையாரின் 392 ஆவது பாட்டிலும் இதே வழக்கம் வருகிறது. இது தமிழ் அரசர்களின் தனிப் பழக்கமும் இல்லை. ஒடிசாவில் காரவேலன் என்ற அரசன் வெட்டுவித்த ஹாதிகும்பாக் கல்வெட்டு, அவன் பிதுண்டம் என்ற ஊரைக் கழுதை ஏரால் உழுததாகச் சொல்லுகிறது. பாண்டியரிடமிருந்து முத்து வாங்கிய கதையும் அதே கல்வெட்டில் இருக்கிறது. தோற்றவனின் ஊரை உழுவதற்கு மாடு வைத்தால் அது விவசாயம். கழுதை வைத்தால் அவமானம்.

ஆக, 2000 வருசத்துக்கு முன்னமே கணக்கு முடிந்துவிட்டது. வேலைக்குக் கழுதை வேணும், மரியாதைக்கு வேண்டாம்.

இந்த அவமானம் மிருகத்தோடு நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். ஊரில் தப்புச் செய்தவனுக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதையில் ஏற்றி ஊர்வலம் விடுவது தண்டனையாக இருந்தது. அதே கழுதையைத் தொழிலுக்கு வைத்து அழுக்கு மூட்டை ஏற்றிய சலவைத் தொழிலாளரைச் சாதி சமூகம் எந்தக் கண்ணால் பார்த்தது என்று எங்களுக்குத் தெரியும். கழுதையை இழிவாக்கின கையும் கழுதையோடு உழைத்த சனத்தை இழிவாக்கின கையும் ஒன்றுதான். 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்ற பழமொழியைச் சும்மா பகிடியாகச் சொல்லுகிறோம். உழைக்கிறவனுக்கு ரசனை கிடையாது என்ற தீர்ப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது.

பாவம், சனத்துக்கே இந்த விசயத்தில் இரண்டு மனம். தமிழ்நாட்டில் 'என்னைப் பார் யோகம் வரும்' என்று எழுதிக் கழுதைப் படத்தைக் கடைகளில் மாட்டி வைத்திருப்பார்கள். மழை வராவிட்டால் கழுதைக்குக் கலியாணம் செய்து வைப்பார்கள். மூதேவி என்று நாங்கள் ஏசுகிற தவ்வைத் தெய்வத்துக்குக் கழுதைதான் வாகனம். ஒரு காலத்தில் அவளுக்குக் கோயில்களில் சிலை வைத்துக் கும்பிட்டார்கள். பிறகு அவளும் வசவாகிப் போனாள், அவளுடைய வாகனமும் வசவாகிப் போனது.

மன்னாரின் மற்றச் சமயங்களிலும் இந்த மிருகத்துக்கு இடம் இருக்கிறது. குருத்து ஞாயிறு அன்று ஓலை பிடித்துக்கொண்டு போகிற ஒவ்வொரு பங்கிலும் நினைக்கப்படுவது யேசு எருசலேமுக்குள் நுழைந்த நாள். அவர் போர்க்குதிரையில் போகவில்லை, கழுதையில் போனார். அதன் முதுகில் இருக்கிற சிலுவைக் குறி அன்றைக்கு வந்தது என்று கிறிஸ்தவ நாடுகளில் ஒரு கதை உண்டு. (டார்வின் வேறு கதை சொல்லுவார், பரவாயில்லை.) நபிகள் நாயகம் கழுதையில் சவாரி செய்ததை ஹதீஸ்கள் சொல்லுகின்றன. கோயில், சேர்ச், பள்ளிவாசல் மூன்றிலும் கதைக்குள் வந்த மிருகம் வீதியில் மட்டும் அனாதையாக நிற்கிறது.

ஆர் கொண்டு வந்தது?

மன்னாரில் ஆரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். 'அரபுக்காரர் கப்பலில கொண்டு வந்தவை.' கழுதைக்கும் இந்தப் பதில்தான், பெருக்க மரத்துக்கும் இந்தப் பதில்தான். பள்ளிமுனையில் நிற்கிற அந்தப் பெரிய பெருக்க மரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். அந்த மர இனம் ஆபிரிக்காவுக்குச் சொந்தம் என்பதில் சந்தேகம் இல்லை. கடல் வழியாகத்தான் வந்தது.

இந்தப் பதிலுக்குப் பின்னால் நல்ல வரலாறு இருக்கிறது. தீவுக்கு எதிரே, பெருநிலப்பரப்பில், திருக்கேதீச்சரத்தடியில் இருக்கிற மாந்தைதான் பழைய மாதோட்டத் துறைமுகம். அநுராதபுர இராச்சியத்தின் கடல் வாசல் அது. 1980களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தது. சீனத்துப் பீங்கான், இஸ்லாமிய உலகத்தின் மினுக்குப் பூச்சுப் பானைகள் எல்லாம் ஒரே மண்ணுக்குள் இருந்து வந்தன. 1984 உடன் போர் அந்த வேலையை நிறுத்திப்போட்டது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய அதே ஊரில் சீனனும் அரபியும் பாரசீகனும் பண்டம் மாற்றியிருக்கிறார்கள். துறைமுகத்தில் இறங்குகிற பண்டம் தானாக நடந்து அநுராதபுரம் போகாது. சுமக்கிற முதுகுகள் வேணும்.

ஆனால் 'அரபுக்காரர் கொண்டு வந்தது' என்ற பதிலை அப்படியே விழுங்குவதற்கு முன் பெரும்பாணாற்றுப்படையை ஒருக்கா நினைத்துப் பாருங்கள். இஸ்லாம் தோன்றுவதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்னமே பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் கழுதைகள் மிளகு சுமந்துகொண்டிருந்தன. தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடி முப்பது கிலோமீற்றர் அளவுதான். மன்னார்க் கழுதை அரேபியாவில் இருந்தும் வந்திருக்கலாம், இராமேசுவரத்தில் இருந்தும் வந்திருக்கலாம், இரண்டு பக்கத்தாலும் பல தடவை வந்திருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் அது கடலால் வந்தது. எப்படிப் பார்த்தாலும் அதன் பூர்வீகம் ஆபிரிக்கா.

எங்களுக்கு இங்கே இடறுகிற விசயம் வேறு. ஒரு உயிரைப் பார்த்து 'இது வெளியில் இருந்து வந்தது' என்று சொல்லுவதில் ஒரு வசதி இருக்கிறது. வந்தது என்றால் போகலாம்தானே என்ற அடுத்த வசனம் அதற்குப் பின்னால் காத்துக்கொண்டு நிற்கும். இந்த மண்ணில் அந்த அடுத்த வசனம் மனிதரைப் பார்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு மாகாணத்தின் முஸ்லிம் சனத்தை வெளியேறச் சொன்னார்கள். ஏறத்தாழ 75,000 பேர் என்று சொல்லப்படுகிறது. மன்னார்த் தீவின் குடும்பங்கள் கையில் எடுத்ததோடு வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டி, புத்தளம் பக்கம் போய் இறங்கின. நூற்றாண்டுகளாக இங்கே மீன் பிடித்து, கடை வைத்து, பிள்ளை பெற்று, மையம் அடக்கின சனம். மனிதரையும் மிருகத்தையும் ஒப்பிடுவது எங்கள் நோக்கம் இல்லை. 'ஆர் முதலில் வந்தது' என்ற கேள்வி மன்னாரில் ஒருநாளும் அப்பாவிக் கேள்வியாக இருந்ததில்லை என்பதைத்தான் சொல்லுகிறோம்.

உண்மையில் மன்னாரில் எது வராமல் இருந்தது? பெருக்க மரம் வந்தது. 1560 இல் போர்த்துக்கேயர் வந்து கோட்டை கட்டினார்கள், 1658 இல் ஒல்லாந்தர் வந்தார்கள், 1795 இல் ஆங்கிலேயர் வந்தார்கள். முத்துக் குளிக்கத் தமிழகக் கரையில் இருந்தும் அரபு நாடுகளில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். 1914 இல் தலைமன்னாருக்கு ரயில் வந்தது, கப்பலோடு சேர்ந்து இந்தியாவையும் இலங்கையையும் இணைத்தது. 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தது. போரில் தண்டவாளம் போனது, 2015 இல் திரும்பி வந்தது. வந்ததையும் போனதையும் கழித்துவிட்டால் மன்னாரில் மிஞ்சுவது மணல்தான்.

காட்டுக்கும் இல்லை, வீட்டுக்கும் இல்லை

லொறியும் லாண்ட்மாஸ்ரரும் ஆட்டோவும் வந்த பிறகு கழுதையின் வேலை போனது. கட்டி வைத்துத் தீன் போட்டவர்கள் அவிழ்த்து விட்டார்கள். அதுகள் பெருகின. இண்டைக்கு மன்னார்க் கழுதை ஒரு விசித்திரமான நிலையில் இருக்கிறது. காட்டு மிருகம் என்றால் வனத்தில் இருக்க வேணும். வளர்ப்பு மிருகம் என்றால் சொந்தக்காரன் இருக்க வேணும். இதற்கு இரண்டும் இல்லை. இரவில் தார் வீதியின் சூட்டில் போய் நிற்கும், வாகனம் அடித்துவிட்டுப் போகும். மோட்டார் சைக்கிளில் வந்தவனுக்கும் உயிராபத்து. கோடையில் புல்லும் இல்லை, தண்ணியும் இல்லை, பொலித்தீன் பையைத் தின்னும்.

1951 இல் இங்கிலாந்தில் சனம் வீதி கடக்கக் கறுப்பு வெள்ளைக் கோடு போட்டு, அந்தக் கடவைக்கு வரிக்குதிரையின் பெயரை வைத்தார்கள். எங்கட நாட்டில் அது கனகாலம் 'மஞ்சள் கோடு'. வரிக்குதிரையின் பெயரால் போட்ட கோட்டில் வாகனம் நிற்கிறது. வரிக்குதிரையின் சொந்தம் உண்மையாகவே வீதி கடக்கிறபோது நிற்பதில்லை.

நெடுந்தீவையும் நினைத்துப் பாருங்கள். அங்கேயும் ஐரோப்பியர் காலத்தில் கொண்டு வந்து வளர்த்து, பிறகு கைவிட்ட குதிரைகளின் வழி வந்தவைதான் திரிகின்றன. ஆனால் அதைப் பார்க்கப் படகேறிப் போகிறார்கள், படம் எடுத்துப் போடுகிறார்கள், தீவின் பெருமை என்கிறார்கள். வறட்சியில் அதுகளும் தண்ணி இல்லாமல் சாகின்றன என்பது வேறு கதை. ஆனாலும் ஒரு குதிரை செத்தால் செய்தி வருகிறது. கழுதை செத்தால் நகரசபை வண்டி வருகிறது. கைவிடப்பட்ட வரலாறு இரண்டுக்கும் ஒன்றுதான். பெயர்தான் வேறு.

நல்ல முயற்சிகள் நடக்காமல் இல்லை. காயப்பட்ட கழுதைகளுக்கு மருந்து கட்டவும், பிள்ளைகளுக்கு அதைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கவும் மன்னாரில் ஒரு கழுதை மருத்துவ நிலையமும் கல்வி நிலையமும் உருவாக்கப்பட்டது. வெளிநாட்டு உல்லாசப் பயணிகளுக்கு அதைத் தெரிந்த அளவுக்கு எங்கட ஆட்களுக்குத் தெரியாது.

அவசரம் உண்மையிலேயே இருக்கிறது. கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கிற பசையில் சீனாவில் ஒரு மருந்து செய்கிறார்கள். அந்தத் தோலுக்காக ஆபிரிக்காவின் கழுதைகள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டன. கழுதையை நம்பித் தண்ணி அள்ளின ஏழைப் பெண்களின் தலையில்தான் அந்தச் சுமை திரும்பி ஏறியது. 2024 பெப்ரவரியில் ஆபிரிக்க ஒன்றியம் கண்டம் முழுவதும் இந்தத் தோல் வியாபாரத்தைத் தடை செய்ய முடிவெடுத்தது. இந்தியாவில் 2012 கணக்கெடுப்பில் 3.2 இலட்சமாக இருந்த கழுதைகள் 2019 இல் 1.2 இலட்சமாகக் குறைந்தன. உலகம் முழுக்க 'எங்கேயும் இருக்கும்' என்று நினைத்த மிருகம் இல்லாமல் போகத் தொடங்கியிருக்கிறது. தென்னாபிரிக்காவின் குவாகா என்ற வரிக்குதிரை வகையையும் அப்படித்தான் நினைத்தார்கள். பாதி உடம்பில் மட்டும் வரி இருந்த மிருகம். அதன் கடைசி உயிர் 1883 இல் அம்ஸ்ரர்டாம் மிருகக்காட்சிசாலையில் செத்தபோது அதுதான் கடைசி என்று அங்கே ஆருக்கும் தெரியவில்லை.

நாங்கள் கேட்பது பெரிய விசயம் ஒன்றும் இல்லை. இரவில் வெளிச்சம் பட்டால் மினுங்குகிற பட்டி கழுத்தில் கட்டலாம். தீவு வீதிகளில் வேகத்தைக் குறைக்கச் சொல்லிப் பலகை போடலாம். கோடையில் நாலு இடத்தில் தண்ணித் தொட்டி வைக்கலாம். குப்பையை மூடி வைக்கலாம். இதெல்லாம் கழுதைக்கு மட்டும் நல்லது இல்லை, இரவில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிற எங்கட ஆட்களுக்கும் நல்லது. பள்ளிக்கூடத்தில் மன்னார் வரலாறு படிப்பிக்கிறபோது கோட்டையோடும் முத்தோடும் பெருக்க மரத்தோடும் கழுதைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். மற்றது எல்லாம் கல், சிப்பி, மரம். நடந்து திரிகிற சாட்சி இது ஒன்றுதான்.

மன்னாருக்கு வெளியில் இருந்து வருகிறவர்களுக்கும் ஒரு சொல். பெருக்க மரத்தடியில் படம் எடுத்து முடிந்தால், பக்கத்தில் நிற்கிற கழுதையின் முன்னங்காலையும் ஒருக்கா குனிந்து பாருங்கள். வரி தெரிந்தால் கூட வந்த பிள்ளைக்குக் காட்டுங்கள். சீப்ரா தெகிவளை மிருகக்காட்சிசாலையில் கம்பிக்குப் பின்னால் நிற்கிற மிருகம் மட்டும் இல்லை, அதன் சொந்தக்காரர் இங்கே எங்களோடு இருக்கினம் என்று சொல்லிக் குடுங்கள்.